கேஸ் கீசரை நாமே கழற்றிப் பழுது பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழிக் குளிர் வந்தால் கேஸ் கீசர் பற்றிய கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. மெக்கானிக் வர நாலு நாள் ஆகும், வந்தாலும் கூலி கேட்பார், செல்போனில் பத்து நிமிட வீடியோ இருக்கிறது. ஸ்பேனரை எடுக்கத் தோன்றுவது இயல்புதான். இங்கே பேசுவது சிலிண்டரில் ஓடும், சுவரில் மாட்டும் கீசர்களைப் பற்றி மட்டும். கரன்ட் கீசர் வேறு, அதன் ஆபத்துகளும் வேறு.

அடுப்பு பர்னரை நாமே கழற்றிக் கழுவி மாட்டுகிறோம். கீசரை மட்டும் ஏன் தொடக்கூடாது?

எரியும் கேஸின் அளவுதான் முதல் காரணம். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் முழுத் தீயில் சுமார் 10 முதல் 12 கிலோவாட் வெப்பம் தருகிறது. சமையலறையின் பெரிய பர்னர்கள் நாலைந்தை ஒன்றாகக் கொளுத்தி வைப்பதற்கு இது சமம். 1 கிலோ எல்பிஜி முழுமையாக எரிய 12 கன மீட்டருக்கும் மேல் காற்று வேண்டும். 5 அடிக்கு 7 அடி, 8 அடி உயரம் உள்ள குளியலறையில் மொத்தமே 8 கன மீட்டர் காற்றுதான் இருக்கிறது. கதவும் ஜன்னலும் மூடியிருந்தால், கால் மணி நேரக் குளியலில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் காற்றின் ஆக்சிஜனைக் கீசர் தீர்த்துவிடும். ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரியும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும்.

இரண்டாவது காரணம், அடுப்பில் தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். பாத்திரத்தின் அடி கரியாகும், தீ மஞ்சளாக ஆடும், நாமும் எதிரிலேயே நிற்கிறோம். கீசரின் தீ தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. நாமோ சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம்.

கீசருக்குள் என்னதான் இருக்கிறது?

குழாயைத் திறந்ததும் ஓடும் தண்ணீர் ஒரு ரப்பர் டயஃப்ரத்தைத் தள்ளும். அது ஒரு சின்ன சுவிட்சை இயக்கும். பேட்டரியில் ஓடும் சர்க்யூட் போர்டு தீப்பொறி தட்டி, மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வைத் திறந்து கேஸை விடும். தீப் பிடித்ததா என்று பர்னர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஒன்று கண்காணிக்கும். சில நொடிகளில் தீ பிடிக்காவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் நிறுத்த ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. பல மாடல்களில் 20 நிமிடத்தில் தானாக அணைக்கும் டைமரும், ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் சென்சாரும் இருக்கும். தீக்கு மேலே தண்ணீர் சுற்றி வரும் செம்புக் குழாயும் தகடுகளும், அதற்கும் மேலே புகை வெளியேறும் வாயும்.

இதில் எந்த ஒரு பாகத்தை மாற்றினாலும் மற்றவை சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். அந்தச் சோதனைக்கு வேண்டிய அழுத்தமானியோ, புகையை அளக்கும் கருவியோ வீட்டில் இருக்காது.

பாதிக் குளியலில் அணைந்துபோகிறது. "சென்சார் வயரை முறுக்கிச் சேர்த்துவிட்டால் போதும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கீசர் நடுவில் அணைவதற்குப் பல காரணங்கள் உண்டு. பேட்டரி இறங்கியிருக்கலாம், தண்ணீர் அழுத்தம் குறைந்திருக்கலாம், டைமர் நேரம் முடிந்திருக்கலாம். இவை தொந்தரவில்லாதவை. ஆனால் அறையில் ஆக்சிஜன் குறைந்ததாலோ, உள்ளே சூடு மீறியதாலோ அணைந்திருந்தால், அது பழுதே அல்ல. கீசர் உங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வயரை நேராகச் சேர்த்துவிட்டால் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற பொய்த் தகவல்தான் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு கீசர் அணையவே அணையாது. நீங்களும் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போகும் அடுத்த ஆள் உங்கள் மகளாகவோ அம்மாவாகவோ இருக்கலாம்.

தண்ணீர் ஓடுவதைக் கண்டறியும் சுவிட்சை இப்படி நேராகச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், மேல்தளத்துத் தொட்டியில் அழுத்தம் போதவில்லை என்பதற்காக. அப்போது தண்ணீரே இல்லாமல் பர்னர் எரியும். செம்புக் குழாய் உருகி ஓட்டை விழும், வெளியே வரும் நீராவி சுட்டுவிடும். அழுத்தம் போதாது என்றால் தண்ணீர் லைனில் சிறிய பிரஷர் பம்ப் வைப்பதுதான் வழி.

வீடியோ பார்த்து பர்னரைச் சுத்தம் செய்தேன். தண்ணீர் முன்பைவிட நன்றாகச் சுடுகிறது. அப்புறம் என்ன பயம்?

தண்ணீர் சுடுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கேஸ் அரைகுறையாக எரிந்தாலும் தண்ணீர் சுடும். "முன்பைவிட நன்றாகச் சுடுகிறது" என்பது எனக்குக் கவலை தரும் செய்தி, ஏனென்றால் ஜெட் துளை பெரிதாகியிருக்கலாம்.

பர்னருக்குக் கேஸ் விடும் ஜெட் என்பது பித்தளையில் போட்ட மிக நுண்ணிய துளை. அதன் அளவை வைத்துத்தான் எவ்வளவு கேஸ் வரும், அது எவ்வளவு காற்றை இழுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் கணக்கிடப்படுகிறது. ஊசியாலோ மெல்லிய கம்பியாலோ குத்தினால் பித்தளை தேயும். துளை கொஞ்சம் அகன்றாலும் கேஸ் கூடும், காற்று அந்த அளவுக்குக் கூடாது. தீ நீண்டு செம்புத் தகடுகளை நக்கும், கரி படியும், கரி புகை போகும் இடைவெளியை அடைக்கும், அதனால் தீ இன்னும் மோசமாக எரியும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. சுத்தம் செய்த அன்று எல்லாம் நன்றாகவே தெரியும். பல வாரங்கள் கழித்து ஒரு குளிர்ந்த காலையில், ஜன்னலைச் சாத்திவிட்டுக் குளிக்கும்போதுதான் விளைவு தெரியும். அப்போது வீடியோவையும் மயக்கத்தையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

பால்கனியில் மாட்டிய கீசர்களில் குளவி மண்கூடு கட்டுவதும், சிலந்தி வலை பின்னுவதும் சாதாரணம். காற்று உள்ளே போகும் வழி அடைபட்டாலும் இதே கதைதான். மூடியைத் திறந்து திரும்ப மாட்டும்போது இன்னொரு சிக்கல் வரும். கேஸ் வால்வின் இணைப்பில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒருமுறை அழுந்தி உருமாறியிருக்கும். அதையே திரும்பப் போட்டால் கசியலாம். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் சாதாரண வெள்ளை டேப்பை அங்கே சுற்றுவது தீர்வே இல்லை.

தீ நீலமாக எரிந்தால் பாதுகாப்புதானே?

மஞ்சளாக, ஆடி ஆடி எரிந்தால் கட்டாயம் கோளாறு. நிறுத்திவிடுங்கள். நீலமாக எரிவது நல்ல அடையாளம், ஆனால் அது முழு உத்தரவாதம் இல்லை. புகை அறைக்குள்ளேயே சுழன்று திரும்பப் பர்னருக்கே போனால், நீலத் தீயிலும் கார்பன் மோனாக்சைடு கூடும்.

குளிர் காலத்தில் சூடு போதவில்லை. ஹோட்டல்காரர்கள் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டலாமா?

கூடாது. வீட்டுச் சிலிண்டருக்குத் தரும் ரெகுலேட்டர் கேஸை ஏறக்குறைய 30 மில்லிபார் அழுத்தத்துக்குக் குறைத்து அனுப்புகிறது. கீசரின் ஜெட், வால்வு எல்லாம் அதற்காகவே செய்யப்பட்டவை. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெயில் நாளில் அதைப்போல இருநூறு மடங்கு அளவில் இருக்கும். அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டரை மாட்டினால் வால்வு சரியாக மூடாமல் போகலாம், டியூப் பிடுங்கிக்கொள்ளலாம், தீ பெட்டிக்கு வெளியே வரலாம்.

சிலிண்டர் குளிர்ந்தால் கேஸ் வருவது குறையும், உண்மைதான். அதற்காகச் சிலிண்டரைச் சாய்ப்பதோ, படுக்க வைப்பதோ, வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவதோ வேண்டாம். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். வெளியே வந்தால் அந்தத் திரவம் சுமார் 250 மடங்கு கேஸாக விரியும்.

ரெகுலேட்டர் பழுதானால் கேஸ் ஏஜென்சியில் கொடுத்து மாற்றுங்கள். திறந்து பார்க்கும் பொருள் அல்ல அது.

அடுப்புக்குப் போகும் டியூபை வெட்டி, டி-ஜாயின்ட் போட்டுக் கீசருக்கும் கேஸ் எடுக்கலாமா?

மிகவும் பரவலான, மிகவும் மோசமான வேலை இது. வெட்டிய ரப்பர் டியூபின் நுனி கிளிப் இறுக்கத்தில் மட்டுமே நிற்கும். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூபின் உள்ளே எஃகுக் கம்பி வலை இருக்கிறது. வெட்டினால் அந்த வலிமையும் போகும். கூடவே, டியூபைச் சுவருக்குள் ஓட்டை போட்டு நுழைத்து, நீளம் போதாமல் இன்னொரு துண்டை ஒட்டுப்போட்டு இழுப்பார்கள். சுவருக்குள் எலி கடித்தாலும் தெரியாது. ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தூரம் அதிகமென்றால் உலோகக் குழாயும் தனி வால்வும் வைத்து, பயிற்சி பெற்றவரைக் கொண்டு லைன் போட வேண்டும். செலவு கூடத்தான் ஆகும். ஆனாலும் வேறு வழி இல்லை.

கசிவு இருக்கிறதா என்று நானே பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். கீசரும் அடுப்பும் அணைந்திருக்க, ரெகுலேட்டரை ஆன் செய்து, சோப்பு நுரையை இணைப்புகளில் தடவுங்கள். குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு எல்பிஜி கலந்தாலே பற்றிக்கொள்ளும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். நின்றபடி மோந்து பார்த்தால் வாசம் குறைவாகவே தெரியலாம்.

வாசம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். முடிந்தால் கழற்றி, சிலிண்டரின் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறங்கள். எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், எக்சாஸ்ட் ஃபேன் உட்பட. வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். எல்பிஜி கசிவுக்காகவே 24 மணி நேரமும் இயங்கும் எண் அது.

கசியும் இடத்தில் எம்-சீல் வைத்து அடைப்பது, சைக்கிள் டியூபைச் சுற்றுவது எல்லாம் கசிவை மறைக்குமே தவிர நிறுத்தாது.

போர் தண்ணீரால் உப்பு அடைத்துக்கொண்டது. ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்யலாமா?

கழிவறை ஆசிட் செம்புக் குழாயையும் பித்தளை இணைப்புகளையும் அரிக்கும். உப்பு போகும், கூடவே குழாயும் மெலிந்துபோகும். சர்வீஸ் ஆட்கள் செம்புக் கூட்டைக் கழற்றி, அதற்கான கரைசலை ஓட்டிச் சுத்தம் செய்வார்கள்.

கார்பன் மோனாக்சைடு வந்தால் வாசத்தில் தெரிந்துவிடாதா?

தெரியாது. எல்பிஜிக்கு இருக்கும் நாற்றம் கசிவைக் கண்டுபிடிப்பதற்காக மெர்காப்டன் என்ற பொருளைக் கலப்பதால் வருவது. எரியும்போது அதுவும் எரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சல் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பத்து லட்சம் பங்கு காற்றில் 1,600 பங்கு இருந்தால் 20 நிமிடத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தொடங்கும். 6,400 பங்கு இருந்தால் கால் மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். அதாவது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை.

தலைவலியை உணர்ந்து வெளியே வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் கால்கள் வலுவிழக்கும், புத்தி மந்தமாகும். தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் போகும். வட இந்தியாவில் ஹோலிப் பண்டிகை நாளில், நிறத்தைக் கழுவ நெடுநேரம் குளித்தவர்கள் குளியலறையிலேயே இறந்துகிடந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. பெங்களூரிலும் இப்படிப் பல சாவுகள் நடந்திருக்கின்றன. வயதானவர் இறந்தால் "வழுக்கி விழுந்துவிட்டார்", "மாரடைப்பு" என்று கடந்துபோய்விடுவதும் உண்டு. கீசர் அப்படியே சுவரில் இருக்கும், மறுநாள் வேறொருவர் குளிப்பார். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

யாராவது உள்ளே மயங்கி விழுந்தால்?

கதவைத் திறந்து அல்லது உடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்து வாருங்கள். கீசரையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள். மருத்துவமனையில் "கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைப் பிரித்தறியாது. 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருக்கும். சரியான ரத்தப் பரிசோதனையும் முழு ஆக்சிஜனும் தேவை. எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மறதி, நடை தடுமாற்றம் போன்றவை நாட்கள், வாரங்கள் கழித்தும் வரலாம். கர்ப்பிணியாக இருந்தால் லேசான தலைவலிக்கே போக வேண்டும், குழந்தைக்குத் தாயைவிட ஆபத்து அதிகம்.

எக்சாஸ்ட் ஃபேன் வைத்திருக்கிறோம். போதாதா?

வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே புதுக்காற்று வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். கதவடியில் இடைவெளி இல்லாமல், ஜன்னலும் மூடியிருந்தால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. புகைக்குழாய் உள்ள கீசராக இருந்தால், அந்த ஃபேனே புகையைக் குழாய் வழியாக உள்ளே இழுக்கவும் கூடும். கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த பால்கனியிலோ பாத்திரம் கழுவும் இடத்திலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவதுதான் முறை. அப்படியும் அந்த பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டால் அதுவும் ஓர் அறைதான்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி வையுங்கள், நல்லது. கீசரைத் தப்பாக மாட்டிவிட்டு அலாரத்தை நம்பி இருக்காதீர்கள்.

எங்கள் குடியிருப்பில் குழாய் கேஸ் வந்துவிட்டது. பழைய கீசரின் டியூபை அதில் மாட்டினால் போதுமா?

போதாது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதே கன அளவில் எல்பிஜி அதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் தரும். அதனால் ஜெட்டும் அழுத்தமும் வேறு. இயற்கை எரிவாயுவுக்கான பெரிய ஜெட் உள்ள கீசரைச் சிலிண்டரில் மாட்டுவது இன்னும் ஆபத்து, கேஸ் மடைதிறந்தாற்போல வரும். மாற்றலாமா, புதிது வாங்க வேண்டுமா என்பதைக் கீசர் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

அப்படியானால் நான் எதைத்தான் செய்யலாம்?

பேட்டரி மாற்றலாம். கேஸை மூடிவிட்டுத் தண்ணீர் உள்ளே வரும் இடத்திலுள்ள வலையைக் கழற்றி மண் எடுக்கலாம், உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால். சோப்பு நுரைச் சோதனை செய்யலாம். தீயின் நிறத்தையும், பெட்டியின் மேல்பகுதியில் கரி படிகிறதா என்பதையும் வாரம் ஒருமுறை பார்க்கலாம். கதவுக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடலாம். வாளியில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டுப் பிறகு குளிக்கலாம். பழைய வழக்கம்தான், ஆனால் இதைவிடச் செலவில்லாத பாதுகாப்பு எனக்குத் தெரியாது. ஸ்குரூ டிரைவர் தேவைப்படும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரும் மெக்கானிக் சரியானவரா என்று எப்படித் தெரியும்?

கீசர் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் மூலம் வந்தவரா, அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கண்முன்னே சோப்பு நுரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். "இந்த சென்சார் தேவையில்லை, நேராகக் கொடுத்துவிட்டேன்" என்று சொன்னால், அவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் அந்தக் கீசரை ஓட்டாதீர்கள். புதிது வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 15558 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மகன் லண்டனில், மகள் டொரண்டோவில். அங்கே நிலைமை எப்படி?

அங்கே வீடு முழுக்கச் சூடாக்கும் பாய்லரும் ஃபர்னஸும் இருப்பதால் விஷயம் இன்னும் பெரிது. பிரிட்டனில் கேஸ் வேலையைக் கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவரே செய்ய வேண்டும் என்பது சட்டம். 2009 ஏப்ரல் முதல் இந்தப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுபவர் ஆண்டுதோறும் சோதனை செய்து சான்றிதழ் தர வேண்டும். நம் ஊர்க்காரர், குறைந்த கூலி என்று பதிவில்லாதவரைக் கூப்பிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அவசர எண் 0800 111 999. டொரண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் 2008-இல் உட்ஸ்டாக் நகரில் கேஸ் கணப்பின் புகைபோக்கி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தார்கள். அதன் பிறகு 2013-இல் நிறைவேறிய ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கியது.

வாடகை வீட்டில் குளியலறைக்குள்ளேயே கீசர் மாட்டியிருக்கிறார்கள். யார் மாட்டியது என்றும் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் பேசி இடம் மாற்றச் சொல்லுங்கள். குழாய், ஆள்கூலி எல்லாம் சேர்த்து அவருக்குப் பெரிய தொகை ஆகாது. அவர் தள்ளிப் போட்டால் ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, அதுவரை அடுப்பிலோ கரன்ட் கீசரிலோ வெந்நீர் போட்டுக்கொள்ளுங்கள்.